உடைத்துப் பார்க்கும் மேடம்

மதுரைப் பள்ளிகளுக்கிடையே நடக்கும் கணினிப் போட்டிகளில் ஒரு பெண் நடுவர் இருந்தார். மாணவர்கள் அவருக்கு வைத்திருந்த பெயர் 'ஒடைக்கிற மேடம்'. சொந்தப் பெயரை நான் எழுதப்போவதில்லை. எழுதினால், "என்ன சார், கல்யாணப் பத்திரிகையா அடிக்கிறீங்க?" என்பார். கணவருக்கு வெளியூரில் வேலை மாறியதும் குடும்பத்தோடு மதுரையை விட்டுப் போய்விட்டார். போட்டிகள் இன்றும் நடக்கின்றன. நடுவர்கள் வருகிறார்கள், பார்க்கிறார்கள், பாராட்டுகிறார்கள், போகிறார்கள். யாரும் எதையும் உடைப்பதில்லை.

எழுமலைக்குப் பக்கத்தில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் நான் கணினி ஆசிரியர். ஆண்டுதோறும் இரண்டு மூன்று மாணவர்களைப் பேருந்தில் ஏற்றிக்கொண்டு மதுரைக்கு வருவேன். எதையும் காலத்தோடு சேர்த்து முடிச்சுப் போட்டால்தான் எனக்கு நினைவு நிற்கும். அவரை முதலில் பார்த்தது கொரோனாவுக்கு முந்தைய கார்த்திகை மாதத்தில். ஊரடங்கு வருவதற்கு முன் நடந்த கடைசிப் போட்டி அதுதான் என்பதால் இதில் சந்தேகத்துக்கு இடமில்லை. திருவண்ணாமலைத் தீபம் முடிந்து வந்தவர்களின் கூட்டத்தில் பேருந்தில் நின்றுகொண்டே வந்ததும் நினைவிருக்கிறது.

இடம் கே.கே. நகரில் ஒரு தனியார் பள்ளியின் கலையரங்கம். நீள நீளமாக மேசைகள். ஒவ்வொரு மேசையிலும் ஓர் அணி, அவர்கள் செய்த செயலியோ கருவியோ, பின்னால் ஒட்டிய சார்ட் அட்டை. நடுவர்கள் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு வருவார்கள். மாணவன் மனப்பாடம் செய்ததை ஒப்பித்துக்கொண்டே செய்து காட்டுவான். "வெரி குட்" என்று மதிப்பெண் போட்டுவிட்டு அடுத்த மேசைக்குப் போவார்கள். ஆசிரியர்களாகிய நாங்களும் அதற்குத் தகுந்தாற்போலத்தான் பிள்ளைகளைத் தயார் செய்வோம். "முதல்ல இதை அமுக்கு, அப்புறம் இதை. அந்தப் பக்கம் மட்டும் போயிராத." எந்தப் பள்ளியின் எந்தச் செயலியை எடுத்தாலும் 'போயிராத' என்று சொல்லி வைத்த ஓர் இடம் இருக்கும். இவர் நேராக அங்கேதான் போவார்.

குள்ளமான உருவம். புள்ளி வைத்த சுங்குடிச் சேலை, அதற்குக் கீழே ஓடுவதற்கான ஷூ. தோளில் ஒரு பெரிய பை. எங்கள் மேசைக்கு வந்ததும் என் மாணவன் வணக்கம் சொல்லி ஒப்பிக்கத் தொடங்கினான். அவர் கையை நீட்டினார்.

"நீ சொல்ல வேணாம் தம்பி. போனைக் குடு. நான் இப்ப யாருன்னா, எங்க மாமியார். கண்ணாடியை எங்கயோ வச்சிட்டேன்."

சொல்லிவிட்டுக் கண்ணை இடுக்கிக்கொண்டார். போனைக் கை எட்டும் தூரத்துக்குத் தள்ளிப் பிடித்தார். முகத்துக்கே வயதாகிவிட்டதுபோல் ஆனது. பள்ளி நூலகத்தில் புத்தகம் எடுப்பதற்காக என் மாணவர்கள் எழுதிய செயலி அது. வரிசை எண் போட வேண்டிய கட்டத்தில் அவர் நிதானமாக ஒரு பெயரைத் தட்டினார். திரை அப்படியே நின்றுபோனது.

"மேடம், அங்க நம்பர்தான் போடணும்."

"எங்க மாமியாருக்கு அது தெரியாதே."

"ஒங்க மாமியாரு எங்க ஸ்கூல் லைப்ரரிக்கு எதுக்கு மேடம் வாராங்க?"

சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தவர் அவர்தான். "நல்ல கேள்வி. ஆனா வந்துட்டாங்களே! இப்ப என்ன செய்யப்போற?"

அன்று நாங்கள் பரிசு ஒன்றும் வாங்காமல் ஊர் திரும்பினோம். பேருந்து உசிலம்பட்டி தாண்டியதும் அவன் சொன்னான்: "சார், அந்த மேடத்துக்கு மாமியாரோட ஏதோ சண்டை. அதை நம்ம மேல காட்டிட்டாங்க."

நானும் அப்படித்தான் நினைத்தேன். அது தவறு என்று பிறகு தெரிந்தது. ஒவ்வொரு போட்டியின் மதிய இடைவேளையிலும் அவர் மாமியாருக்குத்தான் போன் செய்வார். சௌராஷ்டிர மொழியில் இருவரும் என்னவோ பேசிச் சிரிப்பார்கள். எனக்கு ஒரு சொல்லும் புரியாது; ஆனால் சிரிப்பு எந்த அளவுக்கு உண்மை என்று தெரியும். "எங்க அத்தை கேட்டுக்கிட்டே இருப்பாங்க, இன்னைக்கு அவங்களா நடிச்சு நான் என்ன செஞ்சேன்னு. அதான் சொல்லிக்கிட்டு இருந்தேன்" என்பார். கணவர் வீட்டார் தலைமுறைகளாகச் சுங்குடிச் சாயத் தொழிலில் இருந்தவர்கள். இவர் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் சோதனைப் பிரிவில் வேலை பார்த்தார். மற்றவர்கள் எழுதியதில் பிழை கண்டுபிடிப்பதுதான் வாரம் முழுக்க அவருக்குச் சம்பளம் தந்த வேலை. சனிக்கிழமைகளில் அதையே சம்பளமில்லாமல் பள்ளிப் பிள்ளைகளுக்குச் செய்தார்.

அந்தப் பையில் என்ன இருக்கிறது என்பது மாணவர்களிடையே பெரிய பேச்சு. ஒருநாள் அவரே மேசையில் கொட்டிக் காட்டினார். பவர் பொருந்தாத ஒரு கண்ணாடி. பாத்திரம் கழுவும் ரப்பர் கையுறை. விரலில் ஒட்ட பிளாஸ்திரி. பட்டன் வைத்த பழைய போன் ஒன்று. ஒரு விசிறி. காய்கறி நறுக்கும்போது கையை வெட்டிக்கொண்டவராக வேண்டுமென்றால் கட்டைவிரலில் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு தொடுதிரையைத் தடவுவார். ஷேர் ஆட்டோ ஓட்டுநராக வேண்டுமென்றால் ஒரு கையில் உண்மையான டீயைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் இயக்கிப் பார்ப்பார். டீ சிந்தினால் துடைக்க மாட்டார். அதுவும் சோதனையில் சேர்த்திதான்.

கோரிப்பாளையத்திலிருந்து வந்த ஒரு பையன், பாதசாரிகள் சாலையைக் கடக்கப் பட்டன் அமுக்கும் சிறு சிக்னல் மாதிரி ஒன்றைச் செய்திருந்தான். பட்டனை அமுக்கிவிட்டுப் பச்சை விளக்குக்காகக் காத்திருக்க வேண்டும். இவர் அமுக்கினார், காத்திருக்கவில்லை, அட்டையால் செய்த சாலையில் விரல்களை ஓடவிட்டார்.

"மேடம், ரெட்டுல போறீங்க!"

"நோன்பு தொறக்க நேரமாச்சு தம்பி. நான் எங்க நிக்கிறது?"

அந்தப் பையன் வாய்விட்டுச் சிரித்தான். "எங்க அத்தா அப்படித்தான் மேடம் ஓடுவாரு!"

"அப்ப ஒங்க அத்தாவுக்குத்தான நீ செய்யணும்? பொறுமையா நிக்கிறவருக்கு எதுக்கு சிக்னலு?"

அரசுப் பள்ளி, தனியார் பள்ளி என்று அவர் பிரித்துப் பார்த்ததில்லை. போட்டியை நடத்தும் பள்ளியே முகம் பார்த்து வருகை பதிவு செய்யும் கருவி ஒன்றை ஓர் ஆண்டு வைத்திருந்தது. பளபளப்பான பெட்டி, விலை உயர்ந்த கேமரா. இவர் முன்னால் போய்க் குனிந்தார், ஷூ கயிறு கட்டுவதுபோல. பிறகு நிமிர்ந்து தும்மினார். பிறகு வேறு பக்கம் பார்த்துக்கொண்டு யாரையோ கூப்பிட்டார். கருவி மூன்று பேர் வந்ததாகக் கணக்கு வைத்தது. அந்த மூவரில் அவர் இல்லை.

"மேடம், நேரா நின்னு பாக்கணும்" என்றான் அணியின் தலைவன்.

"ஒன்னாங்கிளாஸ் பிள்ளை எப்பப்பா நேரா நிக்கும்?"

பின்னால் நின்ற பள்ளித் தாளாளருக்கு முகம் சிவந்துவிட்டது. நடுவர்களைக் கூப்பிட்டால் ஊக்கப்படுத்த வேண்டும், இப்படிப் பிள்ளைகளை அழ வைக்கக் கூடாது என்று என் காதில் விழும்படியே சொன்னார். அதில் நியாயம் இருந்தது. சில பிள்ளைகள் அழத்தான் செய்தார்கள். எனக்கே வெகுநாள் அவரிடம் ஒரு தயக்கம் இருந்தது. மாதக்கணக்கில் உட்கார்ந்து செய்ததை ஒருவர் சிரித்துக்கொண்டே கெடுத்துவிட்டுப் போனால், சிரிப்பில் அன்பு இருக்கிறதா இல்லையா என்று ஆராய யாருக்குத் தோன்றும்?

ஆனால் ஒன்றைப் பிறகுதான் கவனித்தேன். உடைத்ததும் அவர் நகர்ந்துவிட மாட்டார். கீழே ஸ்டூல் கிடந்தால் இழுத்துப் போட்டு உட்காருவார். "இப்ப எங்க ஒடைஞ்சது, சொல்லு பாப்போம்" என்பார். பிள்ளை கண்டுபிடிக்கும் வரை உட்கார்ந்திருப்பார். அவர் சொல்லிக் கொடுத்து நான் பார்த்ததே இல்லை. எல்லாவற்றையும் தாண்டி ஒரு செயலி நின்றுவிட்டால், மிக அரிதாக, உதட்டைப் பிதுக்கி, "எனக்கு அடங்கலை" என்பார். அதைவிடப் பெரிய பாராட்டு அவரிடம் கிடையாது.

அவருக்கு நான் நன்றிக்கடன் பட்டது பள்ளிகள் மறுபடி திறந்த பிறகு நடந்த முதல் போட்டியில். அதுவும் ஒரு சனிக்கிழமை; அரையாண்டுத் தேர்வு தொடங்க இருந்த சமயம்.

அந்த ஆண்டு என்னோடு வந்தவர்கள் பதினோராம் வகுப்பு பவித்ராவும் நந்தினியும். செய்திருந்தது கிணற்று மோட்டாரைத் தொலைவிலிருந்து இயக்கும் கருவி. எங்கள் பக்கம் தோட்டத்துக்கான மும்முனை மின்சாரம் முறை வைத்துத்தான் வரும். எந்நேரம் வரும், எந்நேரம் போகும் என்று சொல்ல முடியாது. பவித்ராவின் அப்பாவுக்கு ஊரிலிருந்து தள்ளி ஒன்றரை ஏக்கர் மல்லிகைத் தோட்டம். அவருடைய அப்பா காலம் வரை அடுத்தவர் காட்டில் கூலி வேலைதான். சொந்தமாக மண்ணும் அதில் ஒரு கிணறும் வந்தது இவர் காலத்தில். மோட்டார் போட நேரங்கெட்ட நேரத்தில் தோட்டத்துக்கு ஓடுவது அவர்தான். பாதி வழியில் மின்சாரம் போய்த் திரும்பி வருவதும் அவர்தான். அதைப் பார்த்துத்தான் மகள் இதைச் செய்தாள்.

போனில் ஒரு பெரிய வட்டப் பட்டன். அமுக்கினால் தோட்டத்துப் பெட்டியில் இருக்கும் சிம்முக்குச் செய்தி போகும், மோட்டார் ஓடும். மறுபடி அமுக்கினால் நிற்கும். "அப்பாவுக்குக் குழப்பமா இருக்கக் கூடாதுன்னு ஒரே பட்டனா வச்சிருக்கோம் சார்" என்றாள். எனக்கும் அது அழகாகத்தான் பட்டது. எங்கள் ஊரில் சிக்னல் மந்தம். அமுக்கிய பிறகு செய்தி போய்ச் சேரக் கொஞ்சம் நேரம் பிடிக்கும். ஆய்வகத்தில் எத்தனையோ தடவை செய்து பார்த்தோம். ஒவ்வொரு தடவையும் அமுக்குவோம், காத்திருப்போம், ஓடும். நாங்கள் மூவரும் காத்திருக்கப் பழகிவிட்டோம் என்பது எங்களுக்கே தெரியவில்லை.

முதல் இரண்டு இடம் பெறும் அணிகள் மாநிலப் போட்டிக்குச் சென்னைக்குப் போகும். இரண்டு இரவு தங்க வேண்டும். எங்கள் கணக்கு டீச்சரும் உடன் வருவதாகச் சொல்லியிருந்தார். ஆனால் பவித்ராவின் அப்பா அன்று காலையிலேயே என்னிடம் முடிவாகச் சொல்லிவிட்டார். மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டில் பூவைப் போட்டுவிட்டு நேராக அரங்கத்துக்கு வந்திருந்தார். தோளில் துண்டு, சட்டையில் மல்லிகை வாசம்.

"இதுவரைக்கும் அனுப்பினேன் சார், நீங்க இருக்கீகன்னு. ஜெயிச்சாலும் சரி, தோத்தாலும் சரி, மெட்ராசுக்கெல்லாம் வேணாம். மத்தியானம் ஒரு மணி பஸ்சுக்குப் பிள்ளையைக் கூட்டிக்கிட்டுப் போறேன்."

"ரிசல்ட்டு சாயங்காலம்தான் சொல்லுவாங்க."

"அதுவரைக்கும் எதுக்கு சார் இருக்கணும்? போகாத ஊருக்கு டிக்கெட் எடுத்த மாதிரி."

அவர் டீ குடிக்கப் போனதும் பவித்ரா என்னிடம் வந்து, "நீங்க எப்படியாச்சும் சொல்லுங்க சார்" என்றாள். சொல்வதற்கு வேண்டியதை எல்லாம் மனத்துக்குள் அடுக்கி வைத்துக்கொண்டேன். பத்தாம் வகுப்பில் அவள் எடுத்த மதிப்பெண், கல்லூரிச் சேர்க்கையில் இந்தச் சான்றிதழின் பயன், கணக்கு டீச்சர் வருவது. ஒன்றும் அவரிடம் எடுபடாது என்று எனக்கே தெரிந்தது.

பதினோரு மணிவாக்கில் மேடம் எங்கள் மேசைக்கு வந்தார். இரண்டு வாளி, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தண்ணீர் இறைக்க மீன் தொட்டி மோட்டார், நடுவில் பெட்டி. எல்லாவற்றையும் ஒரு தடவை பார்த்தார். பையில் கையை விட்டார்.

"இதை யாரு பாப்பா பயன்படுத்தப்போறா?"

"எங்க அப்பா மேடம்."

"அப்ப நான் இப்ப ஒங்க அப்பா. அவரு எப்படி? கோவக்காரரா, சாதுவா? சொல்லு, அதே மாதிரி அமுக்குறேன்."

பவித்ரா அவருக்குப் பின்னால் பார்த்தாள். "அந்தா நிக்கிறாரு மேடம்."

மேடம் திரும்பினார். தூணோரமாகத் துண்டைக் கையில் பிடித்தபடி அவர் நின்றிருந்தார். பைக்குள் விட்ட கையை மேடம் வெறுமையாக வெளியே எடுத்தார். இத்தனை ஆண்டுகளில் அவர் யாராகவும் மாறாமல் நின்றதை நான் பார்த்தது அந்த ஒருமுறைதான்.

"அசலே இருக்கும்போது நான் எதுக்கு? அண்ணே, இங்க வாங்க."

"நானா? எனக்கு இதெல்லாம் தெரியாதும்மா."

"தெரியாதவுகதான் வேணும். வாங்க. நீங்க தோட்டத்துக்குப் போகாம வீட்டுல இருக்கீக. த்ரீ பேஸ் வந்துருச்சு. மோட்டாரைப் போடுங்க."

அவர் துண்டால் விரலைத் துடைத்துக்கொண்டு அமுக்கினார். ஒன்றும் நடக்கவில்லை. கலையரங்கத்தின் தகரக் கூரைக்குக் கீழே சிக்னல் எங்கள் ஊரைவிட மோசம். அவர் மறுபடி அமுக்கினார். பிறகு இன்னும் அழுத்தி ஒன்று. பிறகு படபடவென்று.

"அப்பா! ஒரு தடவைதான்!" என்று பவித்ரா கத்துவதற்குள் செய்திகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்ச் சேர்ந்துவிட்டன. வாளியில் மோட்டார் ஓடியது, நின்றது, ஓடியது, நின்றது. குழாய் முனையில் தண்ணீர் எட்டிப் பார்ப்பதும் உள்ளே போவதுமாக இருந்தது.

"என்ன புள்ள, மோட்டாருக்கு விக்கல் எடுக்குது?"

"அமுக்கிட்டுப் பொறுக்கணும்ப்பா. நீ எதுக்கு திருப்பித் திருப்பி அமுக்குற?"

"ஓடலைன்னா அமுக்காம? கரண்டு எம்புட்டு நேரம் நிக்கும்னு யாருக்குத் தெரியும்? பொறுத்துக்கிட்டு நிக்கிறதுக்கு நான் நடந்தே போயிருவேனே."

பக்கத்து மேசைப் பிள்ளைகள் எட்டிப் பார்த்துச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அவர் காதில் விழுந்த விதத்தை நான் கண்டேன். போனை மேசையில் வைத்தார். வைத்த இடத்தைத் துண்டால் ஒருமுறை துடைத்தார். மேடத்தின் பக்கம் திரும்பியபோது குரல் இறங்கிவிட்டது.

"நான் தப்பா அமுக்கிட்டேன்ம்மா. என் தப்புக்குப் பிள்ளை மார்க்கைக் குறைச்சிராதீக."

மேடம் சிரிக்கவில்லை. அதுவரை அவர் முகத்தில் நான் பார்க்காத ஒரு கண்டிப்பு.

"அண்ணே, நல்லாக் கேளுங்க. நீங்க அமுக்கினது சரி. எல்லாரும் அப்படித்தான் அமுக்குவாக. இந்த மெஷினு செஞ்சதுதான் தப்பு." அப்புறம் பவித்ராவிடம்: "நெசக் கிணத்துல இப்படி விக்கல் எடுத்தா என்ன ஆகும்?"

"மோட்டாரு காயில் கருகிரும் மேடம்."

"மூணு மணிக்குத் திரும்ப வாரேன். அதுதான் மறுபார்வை. அதுக்குள்ள சரி பண்ணு."

மூன்று மணி. ஒரு மணிக்குப் பேருந்து. நான் அவர் பின்னாலேயே நடைவழிக்கு ஓடினேன்.

"மேடம், மறுபார்வையைக் கொஞ்சம் முன்னாடி வைக்க முடியுமா? அவரு பிள்ளையைக் கூட்டிட்டுப் போயிருவாரு. சென்னைக்கும் அனுப்ப மாட்டேங்கிறாரு. நீங்க ஒரு வார்த்தை அவருகிட்ட சொன்னாக் கேப்பாரு."

"எல்லா அணிக்கும் மூணு மணிதான் சார். மாத்த முடியாது. அவருகிட்ட நான் பேசவும் மாட்டேன். நான் மெஷினைத்தான் ஒடைப்பேன். மனுசங்களை ஒடைச்சு வழிக்குக் கொண்டுவார வேலை நமக்கு வராது."

போகத் திரும்பியவர் நின்றார். கேட்காமலே சொன்னார்.

"எங்கப்பா முதல் தடவை ஏடிஎம்முக்குப் போனப்ப நானும் கூடப் போயிருந்தேன். ஏழாங்கிளாஸோ எட்டாங்கிளாஸோ. கார்டை எப்பச் சொருகணும், எப்ப உருவணும்னு அது சொன்ன வேகத்துக்கு அவருக்கு வரலை. திரும்பத் திரும்ப ஆரம்பத்துல இருந்து கேட்டுச்சு. பின்னாடி வரிசையில நின்னவுக கத்த ஆரம்பிச்சிட்டாக. வெளிய வந்து, 'எனக்குத்தாம்மா அறிவில்லை'ன்னாரு. சாகுற வரைக்கும் அந்தப் பக்கம் போகலை. மெஷினு தப்பா கேட்டுச்சு சார். வெக்கப்பட்டது எங்கப்பா."

அவ்வளவுதான். அடுத்த மேசையை நோக்கிப் போய்விட்டார். மாமியாராகவும் ஆட்டோக்காரராகவும் நோன்பு திறக்க ஓடுபவராகவும் அவர் ஏன் மாறிக்கொண்டிருந்தார் என்று எனக்கு அந்த நடைவழியில்தான் புரிந்தது. வெட்கப்பட வேண்டிய தருணம் ஒன்று எங்கோ ஒருவருக்காகக் காத்திருக்கிறது. அவருக்கு முன்னால் இவர் போய் அதில் நின்றுகொள்கிறார்.

மேசைக்குத் திரும்பினேன். பவித்ரா மடிக்கணினியில் தலையைக் கவிழ்த்திருந்தாள். ஒரே பட்டனை இரண்டாக்கிக்கொண்டிருந்தாள்: பச்சை ஓடுவதற்கு மட்டும், சிவப்பு நிறுத்துவதற்கு மட்டும். பச்சையை எத்தனை தடவை அமுக்கினாலும் 'ஓடு' என்றுதான் போகும். நந்தினி ஒரு யோசனை சொன்னாள்: அமுக்கிய உடனே போன் ஏதாவது பேச வேண்டும், அப்போதுதான் ஆள் சும்மா இருப்பார். குரலைப் பதிவு செய்ய இருவரும் நாற்காலி அடுக்கியிருந்த மூலைக்குப் போனார்கள்.

பவித்ராவின் அப்பா மட்டும் வாளி அருகே குத்த வைத்து உட்கார்ந்திருந்தார். மணி பன்னிரண்டரை தாண்டியிருந்தது. நான் மனத்துக்குள் அடுக்கியதை எடுத்து, "அண்ணே, பஸ்சு..." என்று தொடங்கினேன்.

"அது போகட்டும் சார். நான் சொன்ன குறையைத்தான பிள்ளை சரி செஞ்சுக்கிட்டு இருக்கு. பாதியில போனா நல்லாவா இருக்கும்?" பிறகு மூலையைப் பார்த்துச் சத்தமாக: "இப்ப அமுக்கவா?"

"இரு, இன்னும் முடியலை!"

சற்று நேரம் கழித்து, "இப்ப?"

"உசுரை வாங்காதப்பா!"

அதற்குப் பிறகு அவர் அமுக்கியதற்கு அளவே இல்லை. கோபமாக அமுக்கினார். பச்சையையும் சிவப்பையும் மாற்றி மாற்றி அமுக்கினார். அமுக்கிவிட்டுப் போனைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு நடந்து போனார். ஒருமுறை சிவப்பு தாமதமாக வேலை செய்ததைக் கண்டுபிடித்துச் சொன்னபோது, பிள்ளைகள் தலையில் கை வைத்துக்கொண்டார்கள். அவருக்கு மட்டும் சந்தோஷம். மதியச் சாப்பாட்டை மூன்று பேரும் மேசையிலேயே வைத்துச் சாப்பிட்டார்கள். தயிர்சாதக் கையோடு அவர் அமுக்கிப் பார்க்க வந்ததை நந்தினி தடுத்துவிட்டாள்.

மூன்று மணிக்கு மேடம் வந்தார். இந்தத் தடவை தானே போனை எடுத்துக்கொண்டார். "நான் இப்ப யாருன்னா, காலையில வந்த அண்ணே" என்று சொல்லிவிட்டுப் பச்சையை அமுக்கினார்.

"கேட்டுருச்சுப்பா, இரு!" என்றது போன், பவித்ராவின் குரலில், அதே எரிச்சலோடு.

சுற்றி நின்ற எல்லோரும் சிரித்தோம். காலையில் எட்டிப் பார்த்துச் சிரித்த பிள்ளைகளும் சிரித்தார்கள். இப்போது பவித்ராவின் அப்பாவும் சேர்ந்து சிரித்தார். மேடம் மட்டும் விடவில்லை. படபடவென்று அமுக்கினார். ஒவ்வொரு அமுக்குக்கும் போன் "கேட்டுருச்சுப்பா, இரு" என்றது. மோட்டார் ஒரே சீராக ஓடியது. பிளாஸ்திரி விரலோடு அமுக்கினார், கையுறை மாட்டி அமுக்கினார், நடுவில் போனை அணைத்துப் போட்டார். கடைசியில் உதட்டைப் பிதுக்கினார்.

"எனக்கு அடங்கலை."

மாலை மேடையில் முடிவு சொன்னார்கள். எங்களுக்கு இரண்டாம் இடம். நந்தினி பவித்ராவைக் கட்டிக்கொண்டாள். பவித்ரா கட்டிக்கொள்ளவில்லை. அவள் அப்பாவைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

நான் இப்போதெல்லாம் போட்டிக்குப் போகும் முன் என் மாணவர்கள் செய்ததைச் சத்துணவுக்கூட அக்காவிடம் கொடுக்கிறேன். பள்ளிக் காவலரிடம், பேருந்து நடத்துநரிடம், பிடிவாதக்காரர் என்று பெயரெடுத்த எங்கள் பி.டி. சாரிடம் கொடுக்கிறேன். 'அந்தப் பக்கம் போயிராத' என்று யாருக்கும் சொல்வதில்லை. மேடம் எனக்கு ஒரு பாடமும் நடத்தியதில்லை. ஆனால் என் ஆய்வகத்தில் நடக்கும் நல்ல காரியங்களில் பாதி அவரால் நடக்கின்றன. இதை அவரிடம் நேரில் சொன்னதில்லை. சொல்லியிருந்தாலும் ஏதாவது கேலி செய்திருப்பார்.

அன்று மேடையிலிருந்து இறங்கி, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அவர் வாசலுக்கு வந்தபோது, நாங்கள் படிக்கட்டில் நின்றிருந்தோம். பவித்ராவின் அப்பா துண்டை ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு மாற்றினார்.

"சார், மெட்ராசுல இதை யாரு அமுக்குவா?"

"அங்கயும் நடுவர்கள் இருப்பாங்க."

"அவுக படிச்சவுக. பொறுமையா அமுக்குவாக. அவசரமா அமுக்குறதுக்கு ஒரு ஆளு வேணும்ல?" என்னைப் பார்க்காமல், வெளியே சாலையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "எனக்கும் சேத்து டிக்கெட் போட்டுருங்க. பூவை எந்தம்பி பாத்துக்கிருவான். நானும் வாரேன்."

பவித்ரா நந்தினியின் கையை இறுகப் பிடித்தாள். நான் அடுக்கி வைத்திருந்த ஒரு சொல்லுக்கும் வேலை இல்லாமல் போனது. மேடத்தைப் பார்த்தேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் நின்றிருந்தார்.

"அண்ணே," என்றார், "அங்க யாராச்சும் வந்து, அப்படி அமுக்கக் கூடாது, பொறுமையா அமுக்குங்கன்னு சொல்லுவாக. கேக்காதீக."

"அவரு எந்தக் காலத்துல மேடம் கேட்டிருக்காரு?" என்றாள் பவித்ரா.